புளியமரத்தடியில் நின்ற கார்

எழுபத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில், செங்கம் சாலைப் புளியமரத்தடியில் கார் முதலாளி சக்கரவர்த்தியின் வாடகை அம்பாசிடர் ஆளில்லாமல் நின்றது. முன்விளக்கு நொறுங்கியிருந்தது. டிரைவர் இருசப்பனைக் காணவில்லை. முந்தின நாள் மாலை அடி அண்ணாமலை அருகே சைக்கிளில் போன விவசாயி ஒருவரை ஏதோ ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தது. இரண்டையும் சேர்த்து ஊர் முடிச்சுப் போட்டது.

இருசப்பனின் மனைவி கன்னியம்மாள், ரமணாசிரமம் பக்கம் வாடகை அறைகளைக் கூட்டித் துடைப்பவள். குழாயடியில் அவள் காதுபடவே பேசினார்கள்.

"அடிச்சிட்டு பயத்துல ஓடிட்டான்."

"திருப்பத்தூர்ல ஒருத்தி இருக்காளாம். அங்கதான் இருப்பான்."

அவளுக்கும் உள்ளுக்குள் சந்தேகம் அரித்தது. சில நாளாக அவன் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தியிருந்த காரை எட்டிப் பார்த்தாள். இருசப்பன் குள்ளம். முதுகுக்கு அவள் தைத்துக் கொடுத்த தலையணை இல்லாமல் ஓட்டமாட்டான். அது பின்சீட்டில் கிடந்தது. முன்சீட்டோ நன்றாகப் பின்னால் தள்ளியிருந்தது. சக்கரவர்த்தியின் மகன் பரசுராமன் நெட்டையன்; வண்டி பழகிக்கொண்டிருந்தான்.

நேராக முதலாளி வீட்டுக்குப் போனாள்.

"உன் புருஷன் செஞ்சதுக்கு நானா ஜவாப்பு? அவன் எங்கயாவது பத்திரமாதான் இருப்பான், போம்மா."

"பத்திரமா இருக்கறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

அவர் உள்ளே திரும்பினார். கன்னியம்மாள் வாசலிலேயே உட்கார்ந்து அதே கேள்வியைத் தெருவே கேட்கும்படி கேட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் சேர்ந்தது, போலீசும் வந்தது. பரசுராமன்தான் முதலில் உடைந்து, வண்டியை ஓட்டியது தான்தான் என்று அழுதான்.

பெங்களூரில் முதலாளியின் உறவுக்காரர் லாரி ஷெட்டில் ஒளிந்திருந்த இருசப்பனைக் கூட்டி வந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது.

"காலேஜ் படிக்கற பிள்ள, கொஞ்ச நாள் நீ மறைஞ்சிருன்னு முதலாளி கால்ல விழாத குறையா கெஞ்சினாரு" என்றான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே?"

"சொன்னா நீ உட்டிருக்கமாட்டே."

திருப்பத்தூர்க்காரியைப் பற்றிக் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. சோற்றைப் போட்டு வைத்தாள். எப்போதும் எதிரே உட்காருகிறவள், இன்று வெளியே போய் நின்றுகொண்டாள்.