சாய்த்து வைத்த செங்கற்கள்

பூந்தமல்லி துரை பங்களாவின் தோட்டத்தைப் பார்த்த நொடியிலேயே எங்கள் வீட்டுக்கும் அப்படியொன்று வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். அப்பா தையற்காரர், ஜன்னல் திரைக்கு அளவெடுக்கப் போனபோது என்னையும் கூட்டிப் போயிருந்தார். புல்தரையைச் சுற்றிச் செங்கற்களைச் சாய்வாகப் புதைத்து, ரம்பப் பல் மாதிரி வரம்பு கட்டி, சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். சுவரில் மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய தட்டி. அதில் பூங்கொடி ஏறியிருந்தது.

"இன்னாத்துக்குக் கோணலா வச்சிகிறீங்கோ?" என்று தோட்டக்காரரைக் கேட்டேன்.

"நேரா வச்சா மழைக்கு வுயுந்துடும் பாப்பா. சாச்சு வச்சா ஒண்ணுக்கொண்ணு முட்டு குடுத்துகினு நிக்கும். கைய வச்சிடாதே, தொர என் தோல உரிச்சிடுவாரு!"

அம்மா பிரசவத்துக்காகப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் இருந்தாள். தம்பி பிறந்துவிட்டான் என்று செய்தி வந்திருந்தது. அவனோடு வண்டியை விட்டு இறங்கும்போது அவள் அசந்து போக வேண்டும். எனக்கு ஒன்பது வயது. ஒரு யோசனை வந்துவிட்டால் சோறு இறங்காது.

இடிந்த கிணற்றுச் சுவரில் முழுதாகத் தேறியவை பத்தொன்பது செங்கற்கள்தான். பாத்தியும் அதற்குத் தக்கபடி சுருங்கி, மூன்றடி நீளத்தில் நின்றது. மண்ணை மேடாகக் கூட்டி முல்லைப் பதியன் நட்டேன். வரம்புக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சுவரோரம் ஒரு பிளாச்சை நிறுத்தி, இன்னொன்றைக் குறுக்கே வைத்துக் கட்டினேன். அடுத்த பிளாச்சைச் சீவுவதற்குள் அத்தை வந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அவ அங்க இன்னா கதில கீறாளோ, உனுக்கு இங்க வெளாட்டு கேக்குதாடி?"

இரண்டு நாளாக அவள் கண்கள் சிவந்திருந்தன. அடுப்புப் புகை என்று நினைத்தேன்.

மறுநாள் ஜட்கா வந்து நின்றது. அம்மா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கையில் துணிமூட்டை மட்டும். பாப்பாவை யாரோ பின்னால் எடுத்து வருவார்களாக்கும் என்று நினைத்து, நான் அம்மாவைச் சுவரோரம் இழுத்துப் போனேன்.

"பாரும்மா! தம்பிக்குத்தான் கட்னேன்."

பின்னால் வந்த அத்தை "சேசுவே!" என்று சிலுவை போட்டுக்கொண்டாள். அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. செங்கற்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

"யாருடி உனுக்குச் சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா. தொர பங்களால பாத்தேன்."

சட்டையில் தூசு பட்டாலே முகம் சுளிக்கும் அப்பா, அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து தோளோடு தோள் சாய்ந்துகொண்டார். பிறகு ஒரு செங்கல்லைப் பிடுங்கப் போனார். "இருக்கட்டும், வுட்ருங்க" என்றாள் அம்மா.

தம்பி இரண்டு நாள்தான் இருந்தான். பட்டணத்திலேயே அவனைப் புதைத்தார்கள். அந்த இடத்தைப் பார்க்க அம்மாவால் எழுந்து போகக்கூட முடியவில்லை. எல்லாம் பிறகு தெரிந்தவை. அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போனபோதுதான் குழந்தைகளின் கல்லறை வரிசையைக் கவனித்தேன். சின்ன மேடு, வெள்ளையடித்த செங்கல் வரம்பு, தலைமாட்டில் மரச் சிலுவை. ஒவ்வொன்றும் என் பாத்திதான்.

ஆனால் அம்மா வந்து இறங்கிய அன்று சாயங்காலம் எனக்குத் தோன்றியது வேறு. பாத்தி ரொம்பச் சின்னதாகப் போய்விட்டது, அதனால்தான் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வானகரம் சூளையில் உடைசல் செங்கல் சும்மா கிடக்கும் என்று கேள்வி. பாத்தியின் ஓரமாகக் காலடி வைத்து அளந்து பார்த்தேன். நாளைக்கு எப்படியாவது ஆறடிக்கு நீட்டிவிட வேண்டும்.