ஆறு நிமிடத் தாமதம்

ஜெனரேட்டரைக் கிளப்பியதும் அவர் இடது காதை அதன் பக்கம் திருப்பிக் கண்ணை மூடிக்கொள்வார். பதினெட்டு வருடமாக அவருடைய தங்கை இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாலு மூச்சு விடும் நேரம் அப்படியே நிற்பார். பிறகு என்ஜினின் வேகத் திருகை இம்மியளவு திருகிவிட்டு, கையைத் துடைத்தபடி வெளியே வருவார். வேகம் காட்டும் மீட்டர் ஒன்று வாங்கி மாட்டலாமா என்று முதலாளி ஒருமுறை கேட்டதற்கு, "என் காது எதுக்கு இருக்கு?" என்று சிரித்துவிட்டார்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் அந்தப் பண்ணையில் எல்லோருக்கும் அவர் 'டைனமோ'. வாலிப வயதில் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸ் கூடாரத்தில் என்ஜின் பார்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், தன் பேச்சைக் கேட்பது மெஷின் மட்டும்தான் என்பார். தங்கை கணவனை இழந்து வந்து நின்றபோது ஒரு வார்த்தை கேட்காமல் வீட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார், பண்ணையிலும் சேர்த்துவிட்டார். அவள் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் நடுவே வாய் திறக்கக் கூசுவாள். பொரிப்பு அறையில் முட்டைத் தட்டுகள் மணிக்கு ஒருமுறை தாமாகவே பக்கம் மாறிச் சாயும். சாய்ந்த நேரத்தை நோட்டில் எழுதுவது அவள் வேலை.

போன வருடம் தகரக் கொட்டகை ஒழுகியதால், ஜெனரேட்டரைப் பின்புறம் புதிதாகக் கட்டிய சின்ன கான்கிரீட் அறைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து பிடித்தது சனி. இருநூற்று இருபது வோல்ட் வரவேண்டிய இடத்தில் நூற்று எண்பதைத் தாண்டவில்லை. குண்டு பல்புகள் தூங்கி வழிந்தன. பகலில் கரண்ட் போகும்போதெல்லாம் பொரிப்பு அறையில் சூடு இறங்கியது.

முதலாளி சத்தம் போடுகிறவர் அல்ல. வாசலில் நின்று மெதுவாகத்தான் சொன்னார். "சனிக்கிழமை வரைக்கும் பாருங்க. சரியாகலைன்னா புதுசு வாங்கிடலாம். கரண்ட் போனா அதுவே ஸ்டார்ட் ஆயிடுமாம். ஆளே தேவையில்லையாம்."

கடைசி வார்த்தை யாருக்கு என்பது அண்ணனுக்கும் புரிந்தது, தங்கைக்கும் புரிந்தது.

இடம் மாற்றியபோது ஏதோ ஆடிப்போயிருக்கும் என்று அவர் முடிவு கட்டினார். வயர் முனைகளையெல்லாம் முறுக்கினார். கார்பன் பிரஷ்களை மாற்றினார். அவை உரசும் வளையங்களை மெல்லிய உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தார். டீசல் ஃபில்டரையும் விட்டுவைக்கவில்லை. வோல்ட் மீட்டரின் முள் நூற்று எண்பதை விட்டு அசையவில்லை. "டைனமோவுக்கே சார்ஜ் இறங்கிப்போச்சு" என்று வேன் டிரைவர் கேலி செய்தபோது பதிலுக்கு ஒன்றும் சொல்லாமல் போனார். அதுதான் தங்கைக்குப் பயத்தைக் கொடுத்தது. சொல்லுக்குச் சொல் திருப்பிக் கொடுக்கிற மனிதர் அவர்.

அவளுக்கு வேறொரு குழப்பம் இருந்தது. லைன் கரண்ட்டில் பத்து மணிக்குச் சாய்ந்த தட்டு சரியாகப் பதினொன்றுக்குச் சாயும். ஜெனரேட்டர் ஓடும்போது பதினொன்று ஆறுக்குத்தான் சாய்ந்தது. சுவர்க்கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்து பேட்டரி மாற்றினாள். அப்போதும் ஆறு நிமிடம். நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். பழைய கொட்டகையில் இருந்தவரை ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் அவர் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். அவள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்தபடியே கேட்டாள்: "அண்ணா, உன் மெஷின் ஓடுறப்ப மட்டும் தட்டு ஏன் லேட்டா சாயுது?"

"எவ்வளவு லேட்டு?"

"மணிக்கு ஆறு நிமிஷம். புது ரூமுக்கு வந்ததிலிருந்து."

அவர் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்தார். தட்டைச் சாய்க்கும் குட்டி மோட்டார், கரண்ட் துடிக்கும் வேகத்துக்கு ஏற்றபடிதான் சுற்றும்; அந்தத் துடிப்போ என்ஜின் சுற்றும் வேகத்தைப் பொறுத்தது. அது பிந்தினால் என்ஜினே பிந்துகிறது, வோல்ட் குறைவதும் அதனால்தான் என்று அர்த்தம். ஜெனரேட்டரைக் கிளப்பினார். இந்தத் தடவை உள்ளே நிற்கவில்லை. வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டி வரை நடந்து, அங்கிருந்து கேட்டார். என்ஜின் மூட்டை தூக்கியவன்போல் இழுத்து இழுத்து ஓடிக்கொண்டிருந்தது.

"காது சரியாத்தான் இருக்கு. சுவர்தான் ஏமாத்திடுச்சு" என்றார் மெதுவாக.

நாலு பக்கமும் கான்கிரீட். சத்தம் மோதித் திரும்பியதில் என்ஜின் தலைதெறிக்க ஓடுவதாக நினைத்து, முதல் நாளே வேகத்தைக் குறைத்து வைத்திருக்கிறார். கோளாறு தன் கையில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவள் வோல்ட் மீட்டரைப் பார்த்து எண் சொல்லச் சொல்ல, அவர் திருகைத் திருகினார். நூற்றுத் தொண்ணூறு, இருநூறு, இருநூற்று இருபது. அடுத்த முறை தட்டு நிமிடம் பிசகாமல் சாய்ந்தது.

மறுநாள் முதலாளியிடம் அவரே போய், தப்பு தன்னுடையதுதான் என்றும், கண்டுபிடித்தது தங்கை என்றும் சொன்னார். வேகம் காட்டும் மீட்டரையும் அவரே கேட்டார். அவள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

புது ஜெனரேட்டர் வரவில்லை. மீட்டர் வந்தது. இப்போதும் கரண்ட் போனால் அண்ணன்தான் கிளப்புகிறார். தங்கைதான் தட்டு சாயும் நேரத்தை எழுதுகிறாள். வோல்ட் இருநூற்று இருபது.