சுத்தியல் படாத போன்

ஸ்க்ரீன் அக்கா தன் தங்கை புருஷனின் போனைச் சுத்தியலால் அடித்து நொறுக்கிவிட்டாள் என்று தெருவில் ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தன் காதாலேயே கேட்டதாக டீக்கடைக்காரர் சொன்னார். தையல் கடைக்காரரோ, அடித்ததெல்லாம் பொய், வெந்நீரில் போட்டு வேகவைத்தாள் என்றார். போனுக்குச் சொந்தக்காரரான மாப்பிள்ளை, வங்கி கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, "திருடிட்டாங்க" என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே போன் மூன்று விதமாகச் சாக முடியாது. அதனால் கடைக்கே போய்ப் பார்த்துவிடுவது உத்தமம்.

போய்ப் பார்த்தால் போன் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. கடை வாசல் கண்ணாடிப் பெட்டியில், கவர்களுக்கும் இயர்போன்களுக்கும் நடுவில், புதுத் திரையோடு பளபளக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. 'வேலை முடிந்தது' என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. வாங்கிக்கொண்டு போகத்தான் ஆள் வரவில்லை.

கீழே கடை, மேலே வீடு. உடைந்த திரையோடு வருகிறவர்கள் வைத்த பெயர்தான் ஸ்க்ரீன் அக்கா. போனைக் கொடுக்கிறவர்கள், டாக்டரிடம் நாக்கை நீட்டுகிற மாதிரி, பூட்டு எண்ணையும் சேர்த்தே சொல்லிவிட்டுப் போவார்கள். அக்காவும் அதற்கேற்ற கட்டுப்பாடு உள்ளவள். சோதித்துப் பார்க்கக் கேமராவைத் திறப்பாள், ரிங்டோனை ஒலிக்கவிடுவாள், தன் நம்பருக்கே ஒரு போன் போட்டு "ஹலோ ஹலோ" என்பாள். படங்கள், மெசேஜ், பிரவுசர் பக்கம் விரலே போகாது. "பீரோ பூட்டை ரிப்பேர் பண்ண வந்தவ உள்ள இருக்கிற துணிய எண்ணக் கூடாது" என்பாள்.

மாப்பிள்ளை போனைக் கொடுத்தபோது ஒரு வேலையைக் கூடுதலாகச் சொன்னார்.

"திரைய மாத்திடுங்கக்கா. அப்புறம், வீடியோ ஓடும்போது மட்டும் சத்தம் விட்டு விட்டு வருது. அதையும் கொஞ்சம் பாத்துடுங்க."

நோட்டுக்கட்டைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிற மனிதர் இப்படியொரு தப்பைப் பண்ணியிருக்கிறார். அக்காவை அவர் ஒரு ஸ்க்ரூடிரைவர் என்றே நினைத்திருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவருக்குக் கண் கிடையாது அல்லவா?

வீடியோ சத்தம் என்றால் வீடியோவைத்தானே ஓட்டிப் பார்க்க வேண்டும்? பிரவுசரைத் திறந்தாள். அவர் கடைசியாகப் பார்த்த பக்கம் அப்படியே காத்திருந்தது. ஒரு பெண்ணின் கழுத்து. அதன்மேல் ஒரு கை. 'முதலில் அழுவாள், பிறகு சிரிப்பாள்' என்று தலைப்பு. கீழே 'உங்களுக்காக' என்று ஒரு வரிசை. அதிலும் கழுத்து, கை, கழுத்து, கை. போதும் என்று சொன்னாலும் விடாமல் தட்டில் வைத்துக்கொண்டே போகிற உபசாரம்.

ஸ்பீக்கரில் சத்தம் சரியாகத்தான் வந்தது. அக்காவுக்குத்தான் மூச்சு விட்டு விட்டு வந்தது. வெயில் கொளுத்துகிற நாளிலும் தங்கை கழுத்தில் ஸ்கார்ஃப் சுற்றிக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. கேட்டதற்கு அலர்ஜி என்றாள். அக்கா அதை நம்பிக் களிம்பு வாங்கிக் கொடுத்திருந்தாள். களிம்பு!

அன்றைக்கே தங்கையைக் கூப்பிட்டு மாடியில் உட்காரவைத்தாள்.

"ஸ்கார்ஃப எடுடி."

"காத்துப் பட்டா அரிக்கும்க்கா. அலர்ஜி."

"அலர்ஜிக்கு விரல் இருக்குமா?"

தங்கை ஸ்கார்ஃபை எடுக்கவில்லை. அதன் நுனியைச் சுருட்டிக்கொண்டே பேசினாள்.

"அவர் கெட்டவர் இல்லக்கா. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார்."

"கை நீட்டாமலா அது கழுத்து வரைக்கும் வந்துச்சு?"

"இது அடியே இல்லையாம். இப்ப எல்லாரும் இப்படித்தானாம். பொம்பளைங்களுக்குப் பிடிக்குமாம், வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்களாம். போன தடவை எனக்குக் கண்ணு இருட்டிடுச்சு. முழிச்சுப் பாத்தா கையில தண்ணியோட நிக்கிறாரு."

"ஆஹா, தண்ணி குடுத்தாராமே! என்ன ஒரு நல்ல மனசு. அடுத்த தடவை நீ முழிக்கலைன்னா அந்தத் தண்ணிய யாருடி குடிப்பா?"

தங்கை வெகுநேரம் அழுதாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் இங்கயே இருந்துக்கறேன். ஆனா என் பேரு, என் கழுத்து, இது ரெண்டும் வெளிய போகக் கூடாது. சத்தியம் பண்ணு."

அக்கா சத்தியம் பண்ணினாள். தங்கை திரும்பிப் போகவில்லை என்று தெரிந்ததும் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "தங்கமான பிள்ளைடி அவரு. எடுத்துச் சொன்னா கேட்டுக்குவாரு. ஞாயித்துக்கிழமை கொண்டுபோய் விட்டுட்டு வந்துடு." அந்தத் தங்கத்தை அம்மா எந்தக் கடையில் உரசிப் பார்த்தாளோ.

மாப்பிள்ளை போனை வாங்க வந்தார். அக்கா கடை ஷட்டரைப் படாரென்று பாதி இறக்கினாள். வாக்குக் கொடுத்திருக்கிறாளே, நாலு பேர் காதில் விழக் கூடாது. டீக்கடைக்காரர் கேட்ட சுத்தியல் சத்தம் இதுதான்.

"ஆச்சாக்கா?"

"ஆச்சு மாப்பிள்ளை. சத்தம் நல்லாவே வருது. எங்க வீட்டுப் பொண்ணுக்குத்தான் சத்தம் வராமப் போச்சு."

மாப்பிள்ளை ஷட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார். "அது... நான் தேடலக்கா. ஒண்ணைப் பாத்தா அதுவே அடுத்ததைக் காட்டுது."

"அது காட்டுச்சு, சரி. கைய வெச்சது யாரு?"

மாப்பிள்ளை போனை எடுக்கக் கையை நீட்டினார்.

"போன் இங்கயேதான் இருக்கும். அவ முன்னாடி வந்து நில்லு. நீ பண்ணினது என்னன்னு உன் வாயால சொல்லு. சொல்லிட்டு எடுத்துட்டுப் போ."

கல்யாண நாளிலிருந்து போட்டுவந்த 'நீங்க' அந்த இடத்திலேயே உயிரை விட்டது. உண்மையில் அன்று கடையில் உடைந்தது அது ஒன்றுதான்.

அந்தச் சமயத்தில்தான் அரசாங்கம் ஒரு சட்ட வரைவை வைத்துக் கருத்துக் கேட்டது. ஆபாசத் தளங்கள் பார்ப்பவரின் வயதை உண்மையாகவே சரிபார்க்க வேண்டும், கழுத்தை நெரிப்பது போன்ற வன்முறைப் படங்களை நீக்க வேண்டும், கேட்காதவர் முன்னால் கொண்டுவந்து தள்ளக் கூடாது என்று அதில் இருந்தது. அக்கா கடையைப் பூட்டிவிட்டு அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனாள்.

தளங்களுக்காக வாதாட வந்த வக்கீல் முதலில் பேசினார். வயதைத்தான் கேட்கிறோமே என்றார். கேட்பது உண்மைதான். 'பதினெட்டு ஆகிவிட்டதா?' என்று கேள்வி வரும், 'ஆம்' என்று ஒரு பொத்தான் இருக்கும், கள்ளன் வந்தாலும் கதவு அவன் வாயைத்தான் நம்பும். மற்றபடி பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தார். கூட்டம் தலையாட்டியது.

அக்காவின் முறை வந்தது. வாய் வரைக்கும் வந்ததைச் சத்தியம் மறித்தது.

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி..."

"யாரும்மா? பேரு?" என்றார் கூட்டத்தை நடத்திய தலைவர்.

"சொல்ல மாட்டேன்."

"பேரில்லாம எப்படிப் பதிவு பண்றது?"

வக்கீல் சிரித்தார். "படத்துக்கும் அதுக்கும் தொடர்புன்னு ஆதாரம் இருக்குங்களா?"

அக்காவுக்குத் தலைக்கேறிவிட்டது. "அவளும் வளந்தவ, புருஷனும் வளந்தவன். இதுல யாரை சார் பெத்தவங்க பாத்துக்கணும்? உங்க ஆளுங்க கேக்காமலே கழுத்தைப் பிடிக்கச் சொல்லிக் குடுக்கறாங்க. அவ சிரிப்பான்னு தலைப்பு வேற. அந்தச் சிரிப்புக்கு ஆதாரம் கேட்டீங்களா? மூச்சு போறதுக்கு மட்டும்..."

நேரம் முடிந்ததாக மணி அடித்தது. மைக் செத்தது. மிச்சத்தை முதல் வரிசை மட்டும் கேட்டது. முதல் வரிசையில் வக்கீல்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"எழுதி அனுப்புங்கம்மா, கண்டிப்பா பதில் வரும்" என்றார் தலைவர். அப்போது அவருடைய போன் அணையப் போவதாகக் கத்தியது. "யார்கிட்டயாவது சார்ஜர் இருக்கா?" என்றார். பழக்கதோஷம், அக்காவின் கை தானாகப் பைக்குள் போய்ச் சார்ஜரை எடுத்துக் கொடுத்தது. "சாப்பாட்டு நேரத்துக்குள்ள குடுத்துடறேம்மா." சாப்பிடப் போன தலைவர் சார்ஜரோடு அப்படியே காரில் ஏறிப் போய்விட்டார்.

நடந்ததை அக்கா வந்து சொன்னபோது தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். "எனக்காகவா அங்க பேரச் சொல்லாம நின்னே?" என்றாள். எழுதி அனுப்ப வேண்டியதைத் தானே உட்கார்ந்து எழுதினாள். அடியில் தன் பெயரையும் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கையைக் கொண்டுபோய் யாரும் விடவில்லை. போனை வாங்கிவர மாப்பிள்ளை வங்கிப் பியூனை அனுப்பியிருந்தார். கடைக் கவுன்ட்டரில் தங்கை நின்றிருந்தாள். கழுத்தில் ஸ்கார்ஃப் இல்லை.

"அவரையே வரச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

அவர் இன்னும் வரவில்லை. சட்டம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறதாம். அக்கா அவ்வப்போது அந்த அலுவலகத்துக்குப் போன் போடுகிறாள்.

"என்னோட சார்ஜர் அங்க இருக்கு சார்."

"எது சம்பந்தமாம்மா?"

"கழுத்து சம்பந்தமா."

அந்தப் பக்கம் கோப்பு புரளும் சத்தம் வரும். பிறகு, விசாரித்துச் சொல்வதாகச் சொல்வார்கள். சார்ஜர் இன்னும் வந்தபாடில்லை.