துலுக்கானத்தின் விதைமண்

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, வலது கண்ணை மைக்ராஸ்கோப்பில் பதித்தபடி துலுக்கானம் குசலம் விசாரித்துக்கொண்டிருக்கிறார். "இன்னா நைனா, ராவெல்லாம் சுத்திக்கினே கெடந்தியா? எதுனா துன்னியா?" பதில் வராது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்காமல் விடுவதில்லை. காலை எட்டரைக்கு எங்கள் கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தைத் திறந்ததும் அவர் செய்யும் முதல் வேலை இது. பெருக்குவதெல்லாம் இதற்கப்புறம்தான்.

அவர் எங்கள் அட்டெண்டர். வயது நாற்பத்தாறு. ஆவடியை அடுத்த வெள்ளானூர்க்காரர். அப்பா கழனிக் கூலி. இவரும் பதினெட்டு வயதுவரை நாற்று நட்டவர். திங்கட்கிழமைதோறும் சைக்கிளில் பால் கேன் தொங்கும். உள்ளே இருப்பது பால் இல்லை, வெள்ளானூர் ஏரித் தண்ணீர். வழியில் யாராவது "கால் படி ஊத்து அண்ணாத்தே" என்று சொம்பை நீட்டினால், "குடிச்சா வவுத்துல ராட்டினம் சுத்தும்" என்று சொல்லிவிட்டு மிதிப்பார்.

ராட்டினம் என்பது அவர் வைத்த பெயர். ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரின் தலையில் இரண்டு சக்கரம் சுழல்வது போலத் தோன்றும். பாரமீசியம் 'செருப்பு'. கோல்போடா 'அவரைக்கொட்டை'. அமீபாவுக்கு 'சோம்பேறி'. மாணவர்கள் இந்தப் பெயர்களை ரெக்கார்டு நோட்டிலேயே எழுதிவிடுவார்கள். நான் சிவப்பு மையால் அடிப்பேன். எம்.எஸ்.ஸி. படித்த டெமான்ஸ்ட்ரேட்டர் அடிக்கத்தானே வேண்டும்? ஆனால் ஒருநாள் வகுப்பில் என் வாயிலிருந்தே 'ராட்டினம்' வந்து விழுந்தது. அன்று பையன்களைவிடச் சத்தமாகச் சிரித்தவர், கதவோரம் நின்ற துலுக்கானம்.

பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் படித்தார். ஆனால் ஒரு விஷயத்தை அவரே கண்டுபிடித்தார், அதுவும் சோம்பேறித்தனத்தால். கோடை விடுமுறைக்கு முன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கழுவாமல் விட்டுவிட்டார். திரும்பி வந்தபோது அடியில் காய்ந்த மண் பொருக்கு. கழுவத் தண்ணீர் ஊற்றியவர், வழக்கப்படி ஒரு சொட்டை எடுத்துப் பார்த்திருக்கிறார். ராட்டினங்கள் சுற்றிக்கொண்டிருந்தன! என்னிடம் ஓடிவந்து, "ரெண்டு மாசம் கருவாடாட்டம் கெடந்துட்டு எழுந்துகினு கீதும்மா" என்றார். புத்தகத்தில் இருக்கிற சங்கதிதான். ஆனால் புத்தகம் அப்படிக் குதித்துக்கொண்டு சொன்னதில்லை.

மழை இரண்டு வருஷமாக ஏமாற்றியது. ஏரி வற்றி, பாளம் பாளமாக வெடித்தது. போதாக்குறைக்குச் செங்கல் சூளைக்காரர்கள் மேல்மண்ணை வண்டி வண்டியாக வாரிக்கொண்டு போய்விட்டார்கள். துலுக்கானம் முந்திக்கொண்டார். கடைசியாக ஈரம் நின்ற இடத்தில் மண்ணைச் சுரண்டி, நிழலில் உலர்த்தி, சலித்து, டால்டா டின்னில் போட்டு வீட்டுப் பரணில் வைத்தார். "வெதநெல்லு வைக்கறதில்ல? அத்தப் போல வெதமண்ணு."

அந்த டின்னுக்கு வேலையும் வந்தது. செப்டம்பர் பி.யூ.சி. செய்முறைத் தேர்வில் எட்டுப் பேர் எழுதவேண்டும். ஏப்ரலில் கோட்டைவிட்டவர்கள். அதில் ஒருத்தி நாகவல்லி, துலுக்கானத்தின் மகள். அவர்கள் தெருவிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் பெண். ஏப்ரலிலேயே ஏரி சேறாகிப் போனதால் பழைய ஸ்லைடுகளைத்தான் கொடுத்தோம். சாயம் ஏற்றிய பிணங்கள். "நகுந்துச்சுன்னா பட்டுனு சொல்லிடுவேன் மேடம். செத்தது எல்லாம் ஒரே மாரி கீது" என்று அழுதாள். ஆறு மதிப்பெண்ணில் போனது. உயிருள்ளதைக் கண்டுபிடித்து வரைவதற்கு மட்டும் பத்து. இந்த முறையும் தவறினால் மாங்காட்டில் பார்த்துவைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவதாக அம்மா கன்னியம்மா தீர்த்துச் சொல்லிவிட்டாள்.

தேர்வு வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை பிள்ளையார் சதுர்த்தி. மறுநாள் காலை துலுக்கானம் மைக்ராஸ்கோப்பின் உறையைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"போச்சும்மா. டின்னு காலி."

அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில், மணைமேல், எருக்கம் மாலையும் குன்றிமணிக் கண்களுமாக உட்கார்ந்திருந்தது விதைமண். ஒரு சாண் உயரம். தொந்தி மட்டும் தாராளம்.

"கடையில சொப்புப் பிள்ளையார் வெலை ஏறிக்கீது. பரண் மேல மாவாட்டம் மண்ணு கெடந்துச்சு, பிசைஞ்சு செஞ்சேன். சாமிக்குத்தானே செஞ்சேன்?" என்றாள் கன்னியம்மா.

"வெதநெல்லப் பொங்கிட்டியேமே! கொஞ்சம் கிள்ளிக் குடு, முதுகுப் பக்கமா."

"யோவ்! மூணாம் நாளு கரைக்கறவரைக்கும் கைய வச்சே, நடக்கறதே வேற."

துலுக்கானம் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன். விரல்விட்டு எண்ணினேன். மூன்றாம் நாள் வியாழன்.

"எங்கே கரைக்கப்போறீங்க?" என்று கேட்டேன்.

கன்னியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரியில் தண்ணீர் இல்லை. கிணற்றில் வாளி தரையைத் தட்டுகிறது. குடிக்கிற குடத்தில் சாமியைக் கரைக்க முடியுமா? அவள் முகம் வாடியதைப் பார்த்து எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் கும்மாளமாகவும் இருந்தது. எங்கள் ஆய்வகத் தொட்டியில் கரைக்கலாமே என்றேன்.

வியாழன் மதியம் கல்லூரி வாசலில் ஒரு ஊர்வலம் வந்தது. துலுக்கானம் சைக்கிள் மிதிக்க, பின்னால் கேரியரில் கன்னியம்மா, அவள் மடியில் பிள்ளையார், பிள்ளையார் தலைக்குமேல் காகிதக் குடை. நான் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி வைத்திருந்தேன். வேறு எந்த உயிரும் அதில் இருந்துவிடக் கூடாது, மண்ணிலிருந்து வந்தால்தான் உண்டு. ஆய்வகத்தில் கற்பூரம் ஏற்றினார்கள். ஃபார்மலின் நாற்றத்தோடு சேர்ந்து அது ஒரு மணம்! பேராசிரியர் எட்டிப்பார்த்து, மூக்கை உறிஞ்சிவிட்டுப் போய்விட்டார். பிள்ளையார் மெள்ளக் குழைந்து தொட்டிக்குள் இறங்கினார்.

"போய்ட்டு வா சாமி" என்றாள் கன்னியம்மா.

"போவாதே சாமி, இங்கியே இரு" என்றார் துலுக்கானம்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே நாங்கள் வந்துவிட்டோம். பிசைந்தபோது ஒருமுறை நனைந்து மறுபடி காய்ந்த மண் ஆயிற்றே என்ற கவலையோடு சொட்டுக்குழாயை எடுத்துக் கொடுத்தேன். முதல் சொட்டில் வெறும் மண்துகள். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது சொட்டில் துலுக்கானம் குனிந்தவர், நிமிரவேயில்லை. 

"சொல்லுங்களேன்!"

"சுத்துதும்மா!" ஆள் அழுகிறார், சிரிக்கிறார். "ராட்டினம் கீது. அவரைக்கொட்டையும் கீது. செருப்புதான் காணோம். அதுக்குக் காஞ்சு எழுந்துக்கத் தெரியாது, பாவம்."

மகள் எழுதுகிற தேர்வு என்பதால் அவர் ஆய்வகத்துக்குள் வரக்கூடாது. மூன்று மணிநேரமும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பீடியைப் பற்றவைக்க மறந்து அப்படியே வாயில் வைத்திருந்தார். உள்ளே, வெளியூர்த் தேர்வாளர் நாகவல்லியின் மைக்ராஸ்கோப்பில் குனிந்து, "ஏரியெல்லாம் காய்ந்து கிடக்கிறதே, இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். "உள்ளூர் மண்தான் சார்" என்றேன். அவர் பத்துக்குப் பத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததாக யாரிடமும் சொல்லவில்லை.

நாகவல்லி ஓடிவந்தாள். "நைனா, ராட்டினம்! ரோட்டிஃபர்னு தான் எழுதினேன், பயப்படாதே!"

தேர்வு முடிந்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டித் தொட்டியைக் கழுவுவது அட்டெண்டரின் வேலை. துலுக்கானம் கொட்டவில்லை. ஒரு சொட்டு விடாமல், பிள்ளையார் கரைந்த அடிச்சேற்றோடு, பால் கேனில் ஊற்றி மூடினார். எங்கே என்று கேட்டேன். "வாங்கம்மா" என்றார்.

பொழுது சாயுமுன் வெள்ளானூர் ஏரிக்குள் இறங்கி நடந்தோம். கண்ணுக்கு எட்டியவரை வெடிப்பு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பொன்னியம்மா, "இன்னா துலுக்கானம், ஏரிய ரொப்பப் போறியா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவர் ஏரியின் நடுமையத்தில், அகலமான ஒரு வெடிப்பைத் தேடிப்பிடித்துக் குந்தினார். கேனை மெதுவாகச் சாய்த்தார். மண் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இரு கைகளையும் குறுக்காக மடித்து, நெற்றிப்பொட்டில் மூன்று முறை குட்டிக்கொண்டார்.