பெர்மிட் நல்லா இருக்கான்

போன வாரம் ஒரு வாசகி போன் செய்தார். ஊர் ஆத்தூர். நலம் விசாரித்து முடித்ததும் கேட்டார்: "அது சரி, பெர்மிட் எப்படி இருக்கான்? ரெண்டு மாசமா அவனைப் பத்தி ஒரு வரி கூட எழுதலையே!"

"நல்லா இருக்கான்ம்மா" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி... இன்னுமா அந்தப் பழக்கம் போகவில்லை? அந்த அம்மா மன்னிக்க வேண்டும். பெர்மிட் ஆடி மாதமே போய்விட்டான். ஆனால் செத்த பிறகும் பதினோரு நாள் அவனை நான் உயிரோடு வைத்திருந்தேன் - போனில்.

புதிதாகப் படிப்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெர்மிட் எங்கள் வீட்டுப் பூனை. என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு லாரி வைத்து, தானே ஓட்டுகிறார். நாமக்கல்லில் இது ஒன்றும் அதிசயமில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நாக்பூரில் லோடு இறக்கிவிட்டு வந்தவர், வாசலில் தார்ப்பாயை உதறினார். உள்ளே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குட்டி! அத்தனை மாநிலத்துச் செக்போஸ்ட்டையும் ஒரு காகிதம் இல்லாமல் தாண்டி வந்திருந்தது. "பெர்மிட் இல்லாம வந்தவன்" என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் பெயரே பெர்மிட் ஆகிவிட்டது.

லாரிக்காரர் வீட்டில் பூனையா? கேட்காத ஆளில்லை. பூனை குறுக்கே போனால், லோடு வண்டியையே நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்புகிற ஊர் இது. அவர் எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "இவன் குறுக்க வந்தவன் இல்லீங்க, கூட வந்தவன்." ஆனாலும் வண்டி கிளம்பும்போது என் மகள் பவித்ரா அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். பாசம் வேறு, முன்ஜாக்கிரதை வேறு இல்லையா?

(அவன், இவன் என்றுதான் எழுதுவேன். எடிட்டர் 'அது' என்று திருத்தினால் சண்டைதான்.)

ஆடியில் இவர் குஜராத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அன்றைக்கே பெர்மிட் கொஞ்சம் சோர்வாகத்தான் இருந்தான். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம். மறுநாள் டாக்டரிடம் தூக்கிப் போனால், "வயசாயிடுச்சும்மா, கிட்னி போச்சு" என்றார். அதற்கடுத்த நாள் காலை பவித்ராவின் மடியில் படுத்திருந்தவன், கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்தான். அவ்வளவுதான். கொல்லையில் எலுமிச்சை மரத்தடியில் குழி தோண்டினோம். மண்ணைத் தள்ளும்போது நான் வாய்விட்டு அழுதேன். உறவில் யாரோ போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார்.

கையைக் கழுவிவிட்டு உள்ளே வருகிறேன், போன் அடிக்கிறது. வீட்டுக்காரர்.

"சாப்டியா? பெர்மிட் என்ன பண்றான்?"

எப்போதும் இந்த வரிசைதான். முதல் கேள்விக்குப் பதில் வரும் வரை காத்திருக்கவே மாட்டார்.

"படுத்திருக்கறானுங்க" என்றேன்.

"எந்திரிச்சான்னா நான் கேட்டேன்னு சொல்லு."

"சரிங்க."

பவித்ரா என்னை முறைத்தாள். "ஏம்மா, சொல்லிற வேண்டீதுதான? அப்பாவுக்குத் தெரியாம எப்படி?"

எப்படிச் சொல்ல? வண்டி ரோட்டில் இருக்கும்போது டிரைவருக்குக் கெட்ட சேதி சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் எழுதி வைக்கவில்லை. யாரும் மீறியதும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு டிரைவருடைய அப்பா காலமானபோது, "அப்பாவுக்குச் சித்த காய்ச்சலுங்க, வந்துட்டுப் போங்க" என்று சொல்லியே அவரை ஆந்திராவிலிருந்து வரவழைத்தார்கள். பாவம், வாசலில் பந்தலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறவர் கண்ணில் தண்ணீர் நிற்கக் கூடாது. பவித்ராவுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே, "படிச்சுட்டு இருக்கறாளுங்க" என்று சொன்னவள் நான். இருபத்து நாலு வருஷப் பழக்கம்.

ஆனால் பொய்க்கும் தினமும் தீனி போட வேண்டுமே! இன்றைக்குப் 'படுத்திருக்கிறான்' போதும். நாளைக்கு?

மறுநாள் முட்டைக் கதை. நாமக்கல் பூனை, முட்டைக்கா பஞ்சம்? அவித்த முட்டையில் மஞ்சளை மட்டும் நோண்டித் தின்றுவிட்டு, வெள்ளையை எனக்கு ஒதுக்கி வைப்பான். "இன்னைக்கும் அதே கூத்துதானுங்க" என்றேன். மூன்றாம் நாள், "பல்லியப் புடிச்சாந்து என்ற செருப்புக்குள்ள போட்டுட்டானுங்க" என்றேன். அது ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நாலாம் நாள், நான் வாரப் பத்தி எழுதும்போது கீபோர்டு மேல் படுத்து ஒரு பக்கம் முழுக்க ஒரே எழுத்தை அடித்து வைத்த கதை. "அதையே அனுப்பிவிடு, இந்த வாரமாச்சும் நல்லா இருக்கும்" என்றார். முதல் தடவை நடந்தபோதும் இதே கிண்டலைத்தான் செய்தார்!

போனை வைத்ததும் இருப்புக் கொள்ளாது. எழுவேன், உட்காருவேன். ஃபிரிட்ஜைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடுவேன். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடிப்பேன். காலில் ஏதோ உரசும். பதறிக் குனிந்தால் என் நைட்டியின் ஓரம். நிம்மதியாக அழக்கூட முடியவில்லை. போனவனை நினைத்து அழுவதா, அவன் நாளைக்கு என்ன சேட்டை செய்யப் போகிறான் என்று யோசிப்பதா? யாரிடம் சொல்லி அழ வேண்டுமோ, அவரிடமே சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் வசமாக மாட்டினேன். "அவன் போட்டோ ஒண்ணு அனுப்பு. பாத்து நாளாச்சு."

நல்லவேளை, வீடியோவில் காட்டச் சொல்லவில்லை. வழக்கமாகக் கேபினிலிருந்து அடிக்கடி வீடியோவில் வருவார். இந்தத் தடவை ஏனோ வெறும் போன்தான். டவர் இல்லை என்றார். தப்பித்தோம் என்று கேலரியில் கிடந்த ஒரு படத்தைத் தட்டிவிட்டேன். வாசலில் காலை நீட்டி, ராஜா மாதிரி படுத்திருக்கிறான். ரெண்டு நீல டிக் விழுந்த பிறகுதான் பார்த்தேன்... பின்னால் பொங்கல் கோலம்! பானை, கரும்பு, 'ஹேப்பி பொங்கல்' - எல்லாம் பளிச்சென்று. நடப்பதோ ஆடி மாதம்.

அன்று சாயங்காலம், "போட்டோல நல்லா இருக்கான்" என்றார். அப்பாடா, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய லட்சணம்!

பதினோராம் நாள் சாயங்காலம் வண்டி வந்தது. ஹாரன் கேட்டது. எப்படி ஆரம்பிப்பது? குளித்த பிறகா, சாப்பிட்ட பிறகா? வாசலுக்கு ஓடினேன். டிரைவர் பக்கத்துக் கதவு திறந்து வேறு ஆள் இறங்கினார். இவருடைய கூட்டாளி டிரைவர், ராசிபுரத்துக்காரர். என் வீட்டுக்காரர் இடது பக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்ல, மெல்ல இறங்கினார். ஒரு கை மாவுக்கட்டில் தொங்கியது.

"ஐயோ, என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. ரிட்டர்ன் லோடு மேல ஏறிக் கவுறு கட்டறப்ப வழுக்கிருச்சு."

"எப்பங்க?"

ராசிபுரத்துக்காரர்தான் தரையைப் பார்த்தபடி சொன்னார். "அது ஆச்சுங்க ஒம்போது நாளு."

ஒன்பது நாள்! ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு என் பல்லிக் கதைக்குச் சிரித்திருக்கிறார். டவர் இல்லாமல் இல்லை. வீடியோவில் வந்தால் கட்டு தெரிந்துவிடும்.

"ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமாங்க?" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது.

"சொன்னா நீ இங்க தனியாக் கெடந்து தவிப்ப. நேர்ல வந்து சொல்லிக்கலாம்னு..." என்றவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பெர்மிட்ட எங்க பொதைச்சீங்க?"

நீ சொன்னாயா என்று பவித்ராவைத் திரும்பிப் பார்த்தேன்.

"கோலத்தப் பாத்தேன்" என்றார். "நான் ஒண்ண மறைச்சுட்டு, உன்ன எப்படிக் கேக்கறது?"

எலுமிச்சை மரத்தடிக்குக் கூட்டிப் போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நல்ல கையால் மண்ணைத் தட்டிக்கொடுத்தார். "அவ்வளவு தூரம் பத்திரமாக் கூட்டியாந்தேன்... கடேசி நேரத்துல நான் இல்லாமப் போயிட்டனே" என்றார். பவித்ரா பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். "அழுவாத சாமி" என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, அவர்தான் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

பெர்மிட்டை நினைத்து அழுது தீர்த்துவிட்டோம். ஆனால் எனக்கு நிம்மதி மட்டும் திரும்பி வரவில்லை. இருபத்து நாலு வருஷமாக "நல்லா இருக்கேன்" என்று வந்த போன்கள்... அதில் எத்தனை மாவுக்கட்டு? எத்தனை காய்ச்சல், எத்தனை வேளைப் பட்டினி? மனசு நோகக் கூடாது என்று பார்த்துப் பார்த்தே, ஒருத்தர் கஷ்டம் ஒருத்தருக்குத் தெரியாமல் குடும்பம் நடத்தியிருக்கிறோம். உங்கள் வீட்டில் எப்படி? நேற்று போனில் "எல்லாரும் சௌக்கியம்" என்றீர்களே - நிஜமாகத்தானா?

கை தேறி, இப்போது மறுபடி லைனுக்குப் போக ஆரம்பித்துவிட்டார். போகும் முன் கறாராகச் சொல்லிவிட்டேன். டீக்கு நிறுத்தும்போது வீடியோவில் வர வேண்டும், முதலில் ரெண்டு கையையும் தூக்கிக் காட்ட வேண்டும். "போலீஸ் கூட இத்தன சோதன போடறதில்ல" என்று முனகிக்கொண்டே காட்டுகிறார். பதிலுக்கு அவரும் ஒன்று சொன்னார். நல்லதோ கெட்டதோ, மறைக்கக் கூடாது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும்.

நேற்று சாயங்காலம் நானே கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் எடுத்தார். வண்டி ஓடுகிற இரைச்சல்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். ஓரங்கட்டுங்க."

"இரு, இரு." கொஞ்ச நேரத்தில் இன்ஜின் அடங்கியது. "ம், நிறுத்திட்டேன். சொல்லு."

"பால் மீந்து மீந்து போகுதுங்க" என்றேன்.

இதுக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாய் என்று அவர் கேட்கவே இல்லை.