லுத்விகா உதட்டுச்சாயம் பூசிப் போன நாள்

ராதோம் நகரத்தில், எங்கள் கம்பெனியில் தரை துடைக்கிறவர்களில் பாதிப் பேரிடம் ஊனச் சான்றிதழ் உண்டு. எங்களைப் போன்றவர்களை வேலைக்கு வைத்தால் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுத்துவிடும். லேசான ஊனத்துக்குக் கொஞ்சம், நடுத்தரத்துக்குத் தாராளம். அதனால் எங்கள் மேனேஜர் கிராஷினாவுக்கு நாங்கள் துடைத்த தரையைவிட எங்கள் வியாதி மேல்தான் கண்.

லுத்விகாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையாலேயே மாடி மாடியாகத் துடைப்பாள். யாராவது வாளியைத் தூக்க வந்தால் முறைப்பாள். அப்படி ஒரு வீம்பு.

சான்றிதழைப் புதுப்பிக்க அவள் மருத்துவக் குழு முன்னால் போக வேண்டியிருந்தது. தலை சீவ வேண்டாம், பழைய உடுப்பில் போங்கள், எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்லுங்கள் என்று கிராஷினா படித்துப் படித்துச் சொன்னாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போவோம். நானும் அழுக்குச் சட்டையோடுதான் போய் வந்தேன். இவள் என்ன செய்தாள்? முடியைச் சுருட்டி, உதட்டுச்சாயம் பூசி, ஞாயிறு பூசைக்குப் போடும் கவுனில் போய் உட்கார்ந்தாள். டாக்டர் கேட்ட ஒவ்வொன்றுக்கும், "நானே செஞ்சுக்குவேன்" என்றாள். லேசான ஊனம் என்று எழுதிவிட்டார்கள்.

கிராஷினா கத்தவில்லை.

"உங்களை யாரு நல்லா இருக்கச் சொன்னது? அப்பீல் பண்ணுங்க. நடுத்தரம் கிடைக்கலன்னா மாசக் கடைசியோட நின்னுக்குங்க."

ஐம்பதைத் தாண்டிய வயதில், ஒற்றைக் கையோடு, வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

வேறு வழியில்லாமல், கூடவே இருக்கும் மகள் அனியேலாவிடம் போய் நின்றாள். "நீயும் வாடி. அம்மாவுக்கு ஒண்ணும் முடியலன்னு ஒரு பொய் சொல்லிடு" என்று கேட்டபோது மகளின் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். பெற்ற பிள்ளையைப் பொய்சாட்சிக்குக் கூப்பிடுகிறோமே என்று உடம்பெல்லாம் கூசியதாம்.

இரண்டாவது குழு முன்னால் அனியேலா நிதானமாகப் பேசினாள். அம்மா ரொட்டியை வெட்டுவதில்லை, கதவைச் சாத்திக்கொண்டு பல்லால் கடித்துப் பிய்க்கிறாள். சட்டைப் பொத்தானைக் கழற்றுவதே இல்லை, தலைவழியாக இழுத்து மாட்டுகிறாள். ஒருநாள் குளியல் தொட்டியில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல், தண்ணீர் ஆறிப் போகும்வரை கிடந்தாள். என்னைக் கூப்பிடவில்லை.

ஒன்றுகூடப் பொய் இல்லை. யாருக்கும் தெரியாது என்று லுத்விகா இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது முழுக்க அந்த மேசைமேல் கிடந்தது. அவமானத்தில் அவள் தலை நிமிரவே இல்லை. நடுத்தரம் என்று எழுதிக் கொடுத்தார்கள். வேலை பிழைத்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெல்லக் கேட்டாளாம்: "தொட்டியில விழுந்தது உனக்கு எப்படிடி தெரியும்?"

அனியேலா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "கதவுக்கு வெளியிலதாம்மா நின்னுட்டிருந்தேன். நீ கூப்பிடுவேன்னு பாத்தேன்."