டெலிபோன் டைரக்டரியில் ஒரு தமிழ்ப் பெயர்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன முதல் ஆண்டில், வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு முடிந்து அறைக்குத் திரும்பினால் திங்கட்கிழமை காலை வரை நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. எண்பதுகளின் நடுப்பகுதி அது. நியூ ஜெர்சியில் ஒரு சிறிய ஊர். வயதான அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் வீட்டுக் கீழ்த்தளத்தில் எனக்கு அறை. அவருக்குக் காது மந்தம். படியில் எதிர்ப்பட்டால் கையசைப்பார், நானும் கையசைப்பேன். என் துறையில் வேறு இந்திய மாணவர்கள் இரண்டே பேர்தான். இருவருமே வட இந்தியர்கள், மனைவியோடு வந்தவர்கள். வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள்.

சமையல் கைக்கு வந்துவிட்டது. லாண்ட்ரோமேட்டில் துணி துவைப்பதும், பனியில் வழுக்காமல் நடப்பதும்கூடப் பழகிவிட்டன. நாலரை மணிக்கே இருட்டுவது மட்டும் பழகவில்லை. விளக்கைப் போட்டபின் படுக்கும்வரை அத்தனை நேரம் மிச்சமிருந்தது.

டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, பேராசிரியர் வகுப்பில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். விடை தெரியும். வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. தொண்டையில் ஏதோ கரகரத்தது. உடம்பு சரியில்லையா என்று அவர் அக்கறையாகக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டரை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் டெலிபோன் டைரக்டரியைப் புரட்ட ஆரம்பித்தேன். சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே புத்தகம். நீளமான பெயர்களாகத் தேடினேன். போலந்துப் பெயர்களும் இத்தாலியப் பெயர்களும் நிறைய வந்தன. ஒரு பெயர் சந்தேகமில்லாமல் தமிழ்ப் பெயர். வெஸ்ட் வின்ட்சர் முகவரி. ஆனால் முன்பின் தெரியாதவர்களைக் கூப்பிட்டு என்ன சொல்வது? தனியாக இருக்கிறேன், கொஞ்சம் பேசுங்கள் என்றா? கடைசியில் ஒரு பொய்யை யோசித்து வைத்தேன். கூடப் படித்தவன் ஒருவன் பெயரைச் சொல்லி அவன் இருக்கிறானா என்று கேட்பது. ராங் நம்பர் என்பார்கள். அதையாவது ஒரு தமிழ்க் குரல் சொல்லிக் கேட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டயல் செய்தேன். முதல் மணி முழுதாக அடிக்கவில்லை. "ஹலோ, ஹலோ?" என்று ஒரு பெண் குரல், ஓடிவந்து எடுத்தது போல மூச்சிரைக்க. நான் ஆங்கிலத்தில் என் பொய்யைச் சொன்னேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்று அவரும் ஆங்கிலத்தில், மிகவும் சோர்ந்துபோன குரலில் சொன்னார். வைக்கப் போனேன்.

"நீங்கள் தமிழோ?"

"ஆமாங்க. திருச்சி. இங்க படிக்கிறேன்."

"நாங்கள் யாழ்ப்பாணம். தனியவோ இருக்கிறீங்கள்?"

"ஆமாங்க."

"அப்ப வாற சனிக்கிழமை வீட்டுக்கு வாங்கோ தம்பி. ட்ரெயின்ல வந்தா அவர் ஸ்டேஷனுக்கு வருவார்."

இவ்வளவு சுலபமா என்று நம்பவே முடியவில்லை. சனிக்கிழமை வரை அந்த வீட்டில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் பேசியவரை ஆன்ட்டி என்றும், ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போன அவர் கணவரை அங்கிள் என்றும் கூப்பிட்டேன். அங்கிள் டாக்டர். அதிகம் பேசாதவர். வீட்டில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி, நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஆன்ட்டி இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும் பரிமாறிக்கொண்டிருந்தார். டெலிபோன் அடித்தது. கையிலிருந்த கரண்டியை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஓடினார். மேஜைத் துணியில் சொதி வழிந்தது. துடைக்கக்கூட யாரும் எழுந்திருக்கவில்லை. அங்கிளும் குழந்தையும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஹாஸ்பிடல். உங்களுக்குத்தான்" என்று ரிசீவரை அங்கிளிடம் நீட்டிவிட்டு, ஆன்ட்டி அடுப்பங்கரைக்குள் போய்விட்டார்.

பேசி முடித்துவிட்டு வந்த அங்கிள் தணிந்த குரலில் சொன்னார். "அவவின்ட தம்பியைப் பற்றி மூன்று மாதமா ஒரு தகவலும் இல்லை. ஊரில சண்டை கூடினாப் பிறகு எங்க போனானெண்டே தெரியேல்லை. போன் அடிச்சா இப்பிடித்தான்."

எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொல்வதற்கு அங்கே சோறு இல்லை, இடியப்பம்தான். அதுதான் இறங்கவில்லை. என் விளையாட்டுப் பொய்க்காக அந்த ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி எப்படி ஓடிவந்திருப்பார்? கிளம்புவதற்கு முன் அடுப்பங்கரை வாசலில் நின்று சொல்லிவிட்டேன்.

"ஆன்ட்டி, அன்னிக்கு ராங் நம்பர் இல்ல. புக்ல பேரைப் பாத்துட்டுத்தான் போன் பண்ணேன். யார்கிட்டயாவது பேசணும்போல இருந்துது. சாரி ஆன்ட்டி."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். "எனக்குத் தெரியும். ராங் நம்பர் எண்டா உடன வைச்சிடுவினம். நீங்கள் வைக்கேல்லை." குழாயைத் திரும்பத் திறந்தபடி, "அவனுக்கும் உங்கட வயசுதான்" என்றார்.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன். அவருடைய பேச்சில் பாதி எனக்குப் புரியாது, நான் பேசும் வேகம் அவருக்குப் பிடிபடாது. திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொள்வோம். தம்பியின் சேட்டைகளை என்னிடம் சொல்வார். என் தட்டில் இரண்டு பேர் சாப்பாடு இருக்கும்.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு மூன்று பேருமே வந்திருந்தார்கள். ஆன்ட்டி காரிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடிதம் வந்திட்டுது தம்பி. ஜெர்மனியில இருக்கிறான். உயிரோட இருக்கிறான்." அழுதார். எனக்கும் கண்ணில் நீர் வந்தது. சந்தோஷம்தான். ஆனால் அன்று திரும்பும் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது நெஞ்சுக்குள் ஒரு பள்ளம். அந்த வீட்டில் இத்தனை நாள் யாருடைய இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று தெரிந்திருந்தது. அவன் கிடைத்துவிட்டான். அதற்கு வருத்தப்படுகிற அளவுக்கு நான் தாழ்ந்து போயிருந்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

கோடையில் அவர்கள் ஜெர்மனிக்குப் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தார்கள். போட்டோவில் மெலிந்த, மீசை வைத்த ஒருவன், அக்காவின் தோளில் கை போட்டபடி. செப்டம்பரில் என் துறையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் சேர்ந்து, அறையைப் பகிர்ந்துகொண்டார். ஓயாமல் பேசுகிறவர். வெஸ்ட் வின்ட்சருக்குப் போவது மாதம் ஒரு முறை என்றாயிற்று, பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும். ஏன் வருவதில்லை என்று ஆன்ட்டி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.